பாத்திரத்தின் அடியில் தெரியும் சேதி: உப்புக்கரை வீடுகளில் கேஸ் அடுப்பும் கீசரும்

தூத்துக்குடி திரேஸ்புரத்தில் ஒரு கேஸ் அடுப்பு ஏன் கெட்டுப்போகிறது என்பதை அறிய, அடுப்புக்கு முன்னால் காற்றைப் பார்க்க வேண்டும். வல்லங்களும் ஃபைபர் படகுகளும் கரையேறி நிற்கிற, சங்குகுளிக்காரர்கள் கடலுக்குப் புறப்படுகிற இந்தக் கரையில் கொண்டல் வீசும்போதெல்லாம் கடல்நீரின் நுண்துளிகள் சமையலறைக்குள் வருகின்றன. நீர் உலர்ந்துவிடும். உப்பு மட்டும் அடுப்பின் அடித்தகட்டிலும், பர்னர் குழலிலும், சிலிண்டரின் கால்வளையத்திலும் தங்கிவிடும். காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சமையல் உப்பு நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் மெக்னீசியம் குளோரைடும் கலந்திருப்பதால் அது இன்னும் குறைந்த ஈரத்திலேயே கசியும். ஆகவே மழையே இல்லாத மாதத்திலும் இரவெல்லாம் இரும்பின் மேல் மெல்லிய உப்புநீர்ப் படலம் நிற்கிறது. விடியற்காலையில் அடுப்புப் பற்றவைத்ததும் அது உலர்கிறது, இரவில் மறுபடி ஊறுகிறது. நனைவதும் உலர்வதுமாக மாறி மாறிக் கிடக்கும் இரும்புதான் மிக வேகமாகத் துருப்பிடிக்கும்.

இந்த அடிப்படை, அடுப்போடு வரும் கையேடுகளில் இல்லை. மதுரையிலோ சேலத்திலோ இருக்கும் சமையலறைக்குச் சொல்வதையே அவை கடற்கரைக்கும் சொல்கின்றன. 2006 தேர்தலுக்குப் பிறகு தமிழக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் இணைப்பும் அடுப்பும் கொடுக்கத் தொடங்கியது. 2016 மே மாதத்தில் மத்திய அரசின் உஜ்வாலா திட்டம் வந்தது. 2019–21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்போது தமிழ்நாட்டில் பத்தில் எட்டு வீடுகளுக்கு மேல் புகையில்லா எரிபொருளில் சமைத்தன. விறகுப் புகையில் கண் எரிந்த பெண்களுக்கு இது பெரிய விடுதலை. ஆனால் சிலிண்டர் வந்து சேர்ந்த வேகத்தில் அதைப் பற்றிய அறிவு வந்து சேரவில்லை. சுடர் மங்கினால் ‘கேஸில் கலப்படம்’ என்கிறோம், பாத்திரம் கரியானால் ‘அடுப்பு பழசாகிவிட்டது’ என்கிறோம். இரண்டுமே பெரும்பாலும் தவறு.

பழுதைப் புரிந்துகொள்ள கேஸ் வரும் வழியை மனத்தில் பிடித்துக்கொண்டால் போதும். சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேனும் பியூட்டேனும் கலந்த திரவம், வீட்டுச் சிலிண்டரில் 14.2 கிலோ. அதன் மேல்பகுதியில் ஆவி நிற்கிறது. வளிமண்டலத்தைவிடப் பல மடங்கு அழுத்தத்தில் இருக்கும் அந்த ஆவியை ரெகுலேட்டர் சுமார் 30 மில்லிபாருக்கு இறக்குகிறது. அது 30 சென்டிமீட்டர் உயரத் தண்ணீரின் அழுத்தம்தான். அங்கிருந்து ரப்பர் டியூப், அடுப்பின் உட்குழாய், குமிழைத் திருப்பினால் திறக்கும் வால்வு, பித்தளை ஜெட்டில் குண்டூசி முனையளவு துளை, காற்றை உள்ளே இழுக்கும் கலவைக் குழல், பர்னர், கடைசியில் சுடர். பழுது தேடுகிறவர் இந்த வழியில் பின்னோக்கி, சுடரிலிருந்து சிலிண்டரை நோக்கி நடக்க வேண்டும். சுடருக்கும் குமிழுக்கும் இடையே உள்ளவற்றை வீட்டிலிருப்பவர் தாராளமாகக் கழற்றித் துடைக்கலாம். ஜெட் மட்டும் விலக்கு. குமிழிலிருந்து சிலிண்டர்வரை உள்ளதை ஏஜென்சியின் மெக்கானிக் மட்டுமே பிரித்துப் பழுதுபார்க்க வேண்டும். இந்த எல்லை தெரிந்துவிட்டால் பயத்தில் பாதி போய்விடும், விபத்தில் பாதியும் போய்விடும்.

சுடரில் தொடங்குவோம். காற்று போதிய அளவு கலந்தால் சுடர் நீலமாக, உள்ளே கூர்மையான கூம்புகளோடு நிற்கும். காற்று குறைந்தால் எரியாத கரித்துகள்கள் சூடேறி ஒளிர்வதால் மஞ்சளாகும். அந்தக் கரிதான் பாத்திரத்தின் அடியில் ஒட்டுகிறது. இது எந்த ஊருக்கும் பொருந்தும். திரேஸ்புரத்துக்கு மட்டும் ஒரு கூடுதல் சிக்கல் உண்டு. உப்பிலுள்ள சோடியம் எந்தச் சுடரில் பட்டாலும் ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறம் தரும். வாசலில் கடல் இருக்கும் வீட்டில், காற்று பலமாக இருக்கும் நாளில், உப்புப் போட்ட குழம்பு பொங்கி வழிந்த மறுநாளில் நல்ல அடுப்பும் ஆரஞ்சுத் தீற்றல்களோடு எரியும். அதைப் பார்த்துப் பதறி ஜெட்டை மாற்றி, பர்னரை மாற்றிப் பணத்தை இறைப்பவர்கள் உண்டு. மறுபக்கம், ‘நம்ம ஊரில் இப்படித்தான் எரியும்’ என்று உண்மையான காற்றுக்குறைவைக் கண்டுகொள்ளாமல் விடுபவர்களும் உண்டு. இரண்டையும் பிரித்துக் காட்டுவது பாத்திரத்தின் அடி. சோடியத்தின் நிறம் கரி விடாது. துலக்கிய வெள்ளைப் பாத்திரத்தை ஏற்றி ஒரு வேளை சமைத்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். அடி சுத்தமாக இருந்தால் அது உப்பின் நிறம். கருத்திருந்தால் காற்று வரவில்லை.

காற்று வராததற்குக் காரணங்கள் சாதாரணமானவை. கஞ்சி பொங்கி பர்னர் துளைகளை அடைத்திருக்கும். கலவைக் குழலுக்குள் சிலந்தி வலை பின்னியிருக்கும். குழலின் வாயிலுள்ள காற்றுத்துளையில் எண்ணெயும் தூசியும் படிந்திருக்கும். கரையோர வீடுகளில் இவற்றோடு துருப்பொடியும் சேர்கிறது: இரும்புக் குழல் உள்ளே செதில் செதிலாக உதிர்ந்து, குழலின் வளைவில் குவிகிறது. பர்னரைக் கழற்றிக் கவிழ்த்துத் தட்டினால் செம்பொடி கொட்டும். பித்தளை பர்னரில் பச்சைக் களிம்பு ஏறும். புளியும் வெந்நீரும் அதற்குப் போதும், ஆனால் முழுக்க உலர்ந்த பிறகே மாட்ட வேண்டும். ஈரத்தோடு மாட்டினால் அன்றைக்கே மஞ்சள் சுடர்தான்.

ஜெட்டைப் பற்றித் தனியே சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நல்ல எண்ணத்தில் செய்யும் கெடுதல் இங்கேதான் அதிகம். அடைத்த ஜெட்டைத் தையல் ஊசியால் குத்துவது பரவலான வழக்கம். பித்தளை மென்மையான உலோகம், ஊசி எஃகு. துளையின் விட்டம் பத்தில் ஒரு பங்கு கூடினாலே அதன் பரப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடிவிடும், கேஸும் அந்த அளவுக்குக் கூடுதலாகப் பாயும். காற்றோ பழைய அளவுதான். விளைவு, நிரந்தரக் கரி. ‘முன்னைவிட நன்றாக எரிகிறது’ என்று தோன்றும். உண்மையில் மாதாமாதம் சிலிண்டர் சீக்கிரம் தீரும். ஜெட்டை மெக்கானிக்கிடம் விட்டுவிடுவதே சிக்கனம்.

வேறு சில அறிகுறிகளை விரைவாகச் சொல்லிவிடலாம். சுடர் பர்னரை விட்டு எழும்பி இரைந்தால் காற்று அதிகம் அல்லது ரெகுலேட்டர் அழுத்தத்தைச் சரியாகக் குறைக்கவில்லை. பின்னது ஏஜென்சியின் வேலை. ‘டப்’ என்ற சத்தத்தோடு சுடர் உள்ளே இறங்கினால் பர்னர் மூடி சரியாக உட்காரவில்லை, அல்லது சிலிண்டர் தீரும் தறுவாயில் அழுத்தம் விழுந்திருக்கிறது. எல்லா பர்னரும் ஒருசேர மங்கினால் குற்றம் பொதுவழியில், அதாவது சிலிண்டரிலோ ரெகுலேட்டரிலோ மடங்கிய டியூபிலோ இருக்கிறது. ஒன்று மட்டும் மங்கினால் அதன் ஜெட்டிலோ குழலிலோ இருக்கிறது. தானே பற்றும் அடுப்பில் பொறி வராவிட்டால், பொறிக்கம்பியின் வெள்ளைப் பீங்கானை உலர்ந்த துணியால் துடைத்துப் பாருங்கள். உப்புப் படலம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால் பொறி முனைக்கு வராமல் பீங்கான் மேலேயே ஓடிப்போய்விடும். குமிழ் இறுகினால் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். சூட்டில் அது பிசினாகி வால்வை அரைகுறைத் திறப்பில் நிறுத்திவிடும். அதற்குச் சூடு தாங்கும் கிரீஸ் இருக்கிறது, மெக்கானிக் போடுவார்.

சிலிண்டர் தீரும் நாளில் கேஸ் வாடை கூடுதலாக அடிப்பதும் பலரைப் பயமுறுத்துகிறது. கேஸுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிவை அறிவிக்கவே எத்தில் மெர்காப்டன் சேர்க்கிறார்கள். அது கேஸைவிட மெதுவாக ஆவியாவதால் கடைசித் திரவத்தில் அதன் செறிவு ஏறிவிடும். ஆனாலும் ‘தீரப்போகிறது, அதனால்தான் வாடை’ என்ற முடிவுக்கு வருமுன் சோப்பு நுரையால் இணைப்புகளைச் சோதித்துவிட வேண்டும். குமிழி கிளம்பினால் கசிவு. தீக்குச்சியால் சோதிப்பதை எக்காலத்திலும் யாரும் செய்யக்கூடாது.

கசிவுதான் இந்தப் பழுதுகளில் மிகப் பெரிய கவலை. சமையல் கேஸ் காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனமானது. தரையில் படரும், மூலையில் தேங்கும். காற்றில் அது ஏறக்குறைய 2 விழுக்காட்டை எட்டினால் பற்றிக்கொள்ளும். பத்தடிக்குப் பத்தடி அறை முழுக்க அந்த அளவு சேர ஒரு கிலோவுக்குச் சற்று மேற்பட்ட கேஸ் போதும். அது தரையிலேயே தங்குவதால் நடைமுறையில் அதனினும் குறைவு போதும். உயரத்தில் இருக்கும் ஜன்னல் மட்டும் திறந்திருந்தால் பயன் சிறிது. கதவு திறந்திருக்க வேண்டும், தரையோரம் காற்று நடமாட வேண்டும். வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, சுவிட்சைப் போடவோ அணைக்கவோ செய்யாமல், கதவுகளைத் திறந்துவிட்டு வெளியே வந்து 1906 என்ற எண்ணுக்குப் பேச வேண்டும். அந்த எண் நாள் முழுவதும் இயங்குகிறது. மூக்கை மட்டும் நம்பியிருப்பதும் போதாது. ஒரே வாடையில் இருந்துகொண்டே இருந்தால் மூக்கு பழகிவிடும் என்பது எல்லோருக்கும் தெரிந்த உடலியல். முற்றத்தில் கருவாடு காயும் தெருவில் வசிப்பவர்களுக்கு இதைக் கூடுதலாக வற்புறுத்த வேண்டும்.

டியூபைப் பற்றிய எச்சரிக்கையில் கொஞ்சம் நியாயமும் வேண்டும். உப்பு ரப்பரைத் தின்னாது. ரப்பரைக் கெடுப்பவை சூடு, எண்ணெய், வெயில், எலி. ஆரஞ்சு நிற சுரக்‌ஷா டியூபின் ஆயுள் ஐந்து ஆண்டுகள் என்று சொல்வது ரப்பரைப் பொறுத்து நியாயமானதே. ஆனால் அந்த டியூபுக்குள் எஃகுக் கம்பி வலை இருக்கிறது. வெட்டிய முனையில் கம்பி வெளியே தெரியும், உப்பு உள்ளே நுழையும் வாசல் அதுவே. அடுப்பில் டியூப் மாட்டும் முனையும் உட்குழாயும் பெரும்பாலும் இரும்பு. சிலிண்டரின் கால்வளையம் நாள்தோறும் கழுவும் ஈரத்தரையில் நிற்கிறது. ஆக, உப்புக்கரையில் டியூபின் நடுவைவிட அதன் இரு முனைகளையும் அடுப்பின் அடிப்பக்கத்தையுமே பார்க்க வேண்டும். யாரும் திருப்பிப் பார்க்காத பக்கம் அது. சிலிண்டர் வாங்கும்போது கைப்பிடித் தண்டின் உட்புறம் எழுதியுள்ள குறியையும் பாருங்கள்: ‘ஏ’ என்ற ஆங்கில எழுத்து என்றால் ஜனவரி–மார்ச், ‘பி’ ஏப்ரல்–ஜூன், ‘சி’ ஜூலை–செப்டம்பர், ‘டி’ அக்டோபர்–டிசம்பர், பக்கத்து எண் ஆண்டு. அடுத்த சோதனைக்கான கெடு அது. கெடு தாண்டிய சிலிண்டரைத் திருப்பி அனுப்ப உங்களுக்கு உரிமை உண்டு.

என் வாதம் இங்கேதான் வருகிறது. எண்ணெய் நிறுவனங்கள் வீட்டுக்கு வந்து செய்யும் கட்டாயப் பரிசோதனை இன்று ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை. உள்நாட்டுச் சமையலறைக்கு அது பொருந்தலாம். நனைந்து உலரும் இரும்புக்கு ஐந்து ஆண்டு என்பது மிக நீண்ட காலம். திரேஸ்புரம் முதல் இனிகோ நகர் வரை, மணப்பாடு, உவரி, இடிந்தகரை என்று நீளும் இந்தக் கரைக்குத் தனி அட்டவணை வேண்டும்: ஆண்டுக்கு ஒருமுறை, கட்டணமின்றி, அடுப்பைத் திருப்பிப் பார்க்கும் பரிசோதனை. இது முடியாத காரியமல்ல. பிரிட்டனில் வாடகைக்கு வீடு விடுபவர் கேஸ் சாதனங்களை ஆண்டுதோறும் பரிசோதித்துச் சான்று தர வேண்டும் என்பது 1998 விதிமுறைகளின்படி சட்டம். 2009 ஏப்ரல் முதல் ‘கேஸ் சேஃப்’ பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டுமே அந்த வேலையைச் செய்யலாம். லண்டன் ஹாரோவிலோ வெம்பிளியிலோ குடியிருக்கும் தமிழர் வீட்டுச் சுவரில் மாட்டிய பாய்லர், பழுதானால் தன் திரையில் குறியீட்டு எண்ணைக் காட்டி நின்றுவிடும். சுடர் பற்றியதா என்று உணர்கம்பி பார்க்கும், பற்றாவிட்டால் கேஸை அடைத்துவிடும். திரையும் உணர்கம்பியும் இல்லாத நம் அடுப்புக்குத்தான் மனிதக் கண் அடிக்கடி தேவை.

அந்த பாய்லருக்கு நம் ஊர் உறவு, குளியலறையில் மாட்டும் கேஸ் கீசர். தூத்துக்குடி வெக்கையில் இது அதிகம் தேவைப்படுவதில்லை என்றாலும் கைக்குழந்தை உள்ள வீடுகளிலும் முதியவர் உள்ள வீடுகளிலும் வாங்குகிறார்கள். அதன் சாதாரணப் பழுதுகள் எளியவை. தண்ணீர் ஓட்டம் உள்ளேயிருக்கும் ரப்பர் சவ்வை நகர்த்தினால்தான் கேஸ் திறக்கும். மாடித் தொட்டி குழாயைவிட மூன்று மீட்டர் உயரத்தில் இருந்தால் கிடைக்கும் அழுத்தம் 0.3 பார்தான், சல்லடையில் மணலோ துருவோ சேர்ந்தால் அதுவும் போய் கீசர் பற்றாது. அடுத்து பேட்டரி: பொறி ‘டிக் டிக்’ என்று கேட்காவிட்டால் முதலில் அதை மாற்றுங்கள். உவர்ப்பான போர்த் தண்ணீர் செம்புச் சுருளில் உப்புப் படிவு விடும். தண்ணீர் சூடாக நேரமாகும், சுருள் ஓட்டையாகும்.

இவை எல்லாம் தொந்தரவுகள். ஆபத்து வேறு, அது சத்தமே போடாது. சிறிய கீசர் மணிக்கு முக்கால் கிலோவுக்கு மேல் கேஸ் எரிக்கும், அதாவது நாலைந்து அடுப்பு பர்னர்கள் சேர்ந்து எரிவதற்குச் சமம். ஒரு கிலோ கேஸ் முழுதாக எரிய ஏறத்தாழ 12 கன மீட்டர் காற்று வேண்டும். ஐந்தடிக்கு ஏழடிக் குளியலறையில் இருக்கும் காற்றே 8 கன மீட்டர்தான். கதவைச் சாத்திக்கொண்டு கால் மணி நேரம் குளித்தால் அந்த அறைக் காற்றில் கால் பங்குக்கு மேல் கீசர் எடுத்துக்கொள்ளும். காற்று குறையக் குறைய கார்பன் மோனாக்சைடு பிறக்கும். அதற்கு நிறமில்லை. மெர்காப்டன் எரிந்துவிடுவதால் வாடையும் இல்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் பிடிக்கும் இடத்தை அது இருநூறு மடங்குக்கும் மேலான வலிமையோடு பிடித்துக்கொள்ளும். தலைவலி, தலைச்சுற்றல், கால் தளர்ச்சி, பிறகு மயக்கம். குளியலறையில் வலிப்பு வந்து விழுந்ததாகக் கொண்டுவரப்படுபவர்களில் சிலருக்குக் காரணம் கீசர்தான் என்று இந்திய நரம்பியல் மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள். பிரிட்டனில் குளியலறையில் வைக்கும் கேஸ் சாதனம், வெளிக்காற்றை இழுத்துப் புகையை வெளியிலேயே விடும் மூடிய வகையாக மட்டுமே இருக்கலாம். இங்கே திறந்த வகையை மூடிய அறைக்குள் மாட்டுகிறோம்.

கீசர் வேண்டுமென்றால் அது குளியலறைக்கு வெளியே, திறந்த சுவரில் இருக்கட்டும். வெந்நீர்க் குழாய் மட்டும் உள்ளே வரட்டும். கடலோரத்தில் இப்படி வைத்தால் உப்புக்காற்று கீசரைச் சீக்கிரம் அரித்துவிடும், உண்மை. கீசர் போனால் இன்னொன்று வாங்கலாம். அதன் மேல்மூடியருகே கரி தெரிந்தாலோ, சுடர் பார்க்கும் துளையில் மஞ்சள் தெரிந்தாலோ அன்றே நிறுத்திவிட வேண்டும். அடுப்பைப் போல இங்கே ‘உப்பின் நிறமாக இருக்கலாம்’ என்று காத்திருந்து சோதிக்கக் கூடாது.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை கொட்டியது, தூத்துக்குடி மாநகர வீடுகளில் நாள்கணக்கில் தண்ணீர் நின்றது. 14.2 கிலோ சிலிண்டரின் கொள்ளளவு 33.3 லிட்டர். வெற்றுச் சிலிண்டர் சுமார் 15, 16 கிலோ. கேஸோடு சேர்த்தால் 30 கிலோ. ஆகவே நிரம்பிய சிலிண்டர்கூட நீரில் மிதக்கும். மிதந்தால் டியூபை இழுக்கும், இணைப்பு அவிழும். தண்ணீர் வீட்டு வாசலை எட்டும்போதே ரெகுலேட்டரைக் கழற்றிச் சிலிண்டருக்குப் பாதுகாப்பு மூடியைப் போட்டுவிட வேண்டும். நீரில் மூழ்கிய ரெகுலேட்டரை உலர்த்திப் பயன்படுத்தக் கூடாது: அதன் மேலேயுள்ள சிறு காற்றுத்துளை வழியே சேறும் உப்புநீரும் சவ்வுக்கு மேலே புகுந்திருக்கும், அழுத்தத்தைக் குறைக்கும் வேலையை அது சரியாகச் செய்யாது. ஏஜென்சியில் கொடுத்து மாற்றிக்கொள்ள வேண்டும்.

இன்னொரு மாற்றத்துக்கும் ஆயத்தம் வேண்டும். 2021 பிப்ரவரி 17 அன்று ராமநாதபுரம்–தூத்துக்குடி இயற்கை எரிவாயுக் குழாய் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது; நீளம் 143 கிலோமீட்டர். அந்த வாயு மீத்தேன். அது குழாய் வழியே தெருக்களுக்குள் வருமானால் மேலே சொன்னவற்றில் சில தலைகீழாகும். மீத்தேன் காற்றைவிட லேசு, கசிந்தால் தரைக்கு இறங்காமல் கூரைக்கு ஏறும். கதவைத் திறந்தால் போதாது, கூரையோரம் துளை வேண்டும். கன அளவுக்குக் கன அளவு அதன் வெப்பம் சிலிண்டர் கேஸில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்குதான். எனவே ஒவ்வொரு அடுப்பிலும் ஜெட்டை அகன்ற துளையுள்ளதாக மாற்றியாக வேண்டும். மாற்றிய அடுப்பைப் பிறகு யாராவது பழைய சிலிண்டரில் இணைத்தால் சுடர் மஞ்சளாக உயர்ந்து எரியும், கரி கொட்டும். ஒவ்வொரு அடுப்பின் அடியிலும் எந்த கேஸுக்கு உரிய ஜெட் அது என்பதைத் துருப்பிடிக்காத தகட்டில் பொறித்துவைக்கச் சொல்லி இப்போதே கேட்க வேண்டும்.